இரண்டு முறை கூப்பிடுவார்

ஆல்டர் பே, மிச்சிகன்
செப்டம்பர் 28, 1986

அன்புள்ள எஸ்தர் அக்காவுக்கு,

நலம்தானே? மழைக்கு உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நானும் அய்லாவும் சௌக்கியம். ஏரிக்காற்று தொடங்கிவிட்டது. ஜன்னல் இடுக்குகளில் பழந்துணி அடைத்துக்கொண்டிருக்கிறேன். அய்லா அப்பா இருந்தவரை அது அவர் வேலை. அவர் போய் இது இரண்டாவது பனிக்காலம்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். அய்லா நீ படித்த கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் போகிறாளாம். எனக்கு இதைச் சொன்னது அவள் இல்லை. பள்ளிச் சமையலறையில் என்னோடு உருளைக்கிழங்கு உரிக்கும் மிர்ட்டில்தான் சொன்னாள். "என்னடி, உன் பொண்ணு மாசச்சூசெட்ஸ் போறாளாமே, மூச்சு விடல நீ?" என்றாள். எனக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது? "ஆமா, போறா" என்று சொல்லிவிட்டு நாலு கிழங்கைத் தோலோடு பானையில் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டால், "சொல்லலாம்னுதாம்மா இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்தா வார்த்த வரல" என்கிறாள். என் மூஞ்சிக்கு என்ன வந்தது?

அங்கே முன்பு படித்தவர் ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து வந்து அவளோடு நேரில் பேசிப் பார்ப்பாராம். "பெரியம்மா பன்னெண்டு வருஷமா இதத்தானே செய்றாங்க, கேட்டு எழுதும்மா" என்கிறாள். என்ன கேட்பார்கள்? என்ன உடுத்த வேண்டும்? அம்மாவும் கூடப் போக வேண்டுமா? அந்தப் பேச்சு நடக்காமலே போனால் என்ன ஆகும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
வெர்னா


ஸ்பிரிங்ஃபீல்டு, மாசச்சூசெட்ஸ்
அக்டோபர் 12, 1986

அன்புள்ள வெர்னாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, குறைசொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

அய்லாவிடம் சொல், பயப்பட ஒன்றுமில்லை. வருகிறவர் சம்பளம் வாங்குகிற ஆள் இல்லை, என்னைப் போல ஆசைக்குச் செய்கிறவர். அவளுடைய மதிப்பெண்கள் அவர் கைக்கு வராது. முக்கால் மணி நேரம் பேசுவார். சனிக்கிழமை என்ன செய்வாய், எந்தப் பாடத்தில் கோபம் வரும், இவ்வளவு தூரம் ஏன் வருகிறாய் என்றெல்லாம் கேட்பார். சுத்தமான ஸ்வெட்டர் போதும். அம்மா கூடவே உட்காரக் கூடாது.

மனப்பாடம் வேண்டாம். போன வருடம் ஒரு பையனிடம், "உன்கிட்ட என்ன குறை?" என்று கேட்டேன். "அளவுக்கு மீறி உழைக்கிறேன்" என்றான். நான் என் காப்பியைக் குடித்து முடித்துவிட்டேன். இன்னொரு பெண், தன் தம்பிக்கு எப்போது திக்கும், எப்போது திக்காது என்று கால் மணி நேரம் சொன்னாள். அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

கடைசியில், "உனக்கு என்னிடம் கேட்க ஏதாவது உண்டா?" என்பார். இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. முக்கால்வாசிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பேச்சு நடக்காமல் போனால் என்ன என்று கேட்டாய். அவர் வீட்டுக்கு இரண்டு முறை போன் செய்வார். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிடுவார். அய்லா அவ்வளவு தூரத்திலிருந்து விண்ணப்பிக்கிறாள். கல்லூரியில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. அந்த ஒரு வரி போனால் அவளுக்கு ஆர்வமில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஏப்ரலில் மெல்லிய உறை வரும். இடம் கிடைத்தவர்களுக்குத்தான் தடித்த உறை.

உறவுக்காரப் பெண்ணை நான் சந்திக்கக் கூடாது. சந்திக்கிறவரிடம் சிபாரிசும் செய்யக் கூடாது. அவர் என்ன எழுதினார் என்று யாருக்கும் சொல்லவும் மாட்டார். எங்கள் விதி அப்படி.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை, சனிக்கிழமைகளில் என் எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார். மற்ற மாதங்களில் சனிக்கிழமை ரொம்ப நீளம்.

அன்புடன்,
எஸ்தர்


ஆல்டர் பே
நவம்பர் 9, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. முதல் பனி முழங்கால் அளவுக்கு விழுந்துவிட்டது.

உன் கடிதத்தை அய்லா தன் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள். நேற்று சனிக்கிழமை மதியம் சவுனா நீராவியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். நான்தான் கல்லூரிக்காரர். துண்டைக் கட்டிக்கொண்டு வியர்வை வழிய, "உன்கிட்ட என்ன குறை?" என்று கேட்டேன்.

"எங்கம்மா எதக் கேட்டாலும் பதில் சொல்லிடறது."

"ரொம்ப வாய். சரி, எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்?"

அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. "இங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்மா. எல்லாருக்கும் என்னத் தெரியும். அப்பா போனப்புறம் என்னப் பாத்தாலே குரலத் தாழ்த்திடறாங்க. யாருக்கும் என்னத் தெரியாத எடத்துல நான் எப்படி இருப்பேன்னு பாக்கணும்" என்றாள்.

நான் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துச் சூட்டுக்கல்லில் ஊற்றினேன். ஆவி எழுந்தால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. நல்லது.

"என்கிட்ட கேக்க ஏதாவது உண்டா?" என்றதற்கு, "யோசிச்சு வெச்சிருக்கேன். ஆனா உன்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள்.

போன் எப்போது வரும்? பகலிலா, மாலையிலா?

உன் தங்கை,
வெர்னா


ஸ்பிரிங்ஃபீல்டு
நவம்பர் 28, 1986

அன்புள்ள வெர்னாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் எழுது.

டிசம்பர் முதல் வாரத்தில் கூப்பிடுவார், அநேகமாகப் பகலில். போன் பக்கத்தில் காகிதமும் பென்சிலும் வை.

நேற்று நன்றியறிதல் நாள் நல்லபடியாகக் கழிந்தது. கடையில் வான்கோழித் தொடை ஒன்று மட்டும் கேட்டேன். "எத்தன பேருக்கும்மா?" என்றான். "வர்றவங்களுக்கு" என்றேன். யாரும் வருவதாக இல்லை என்பது அவனுக்கு எதற்கு?

அடுத்த பனிக்காலத்தில் உன் கூரைப் பனியை யார் தள்ளுவார்கள்? மிர்ட்டிலின் மகனிடம் இப்போதே சொல்லி வை. பிறகு ஆள் கிடைக்காது.

அன்புடன்,
எஸ்தர்


ஆல்டர் பே
டிசம்பர் 16, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

போன் இன்னும் வரவில்லை. போன வாரப் புயலில் இரண்டு நாள் லைன் வேறு செத்துக் கிடந்தது. கம்பி மேல் மரம் விழுந்துவிட்டதாம். அந்த நேரத்தில் கூப்பிட்டாரோ என்னவோ. அய்லா பள்ளி விட்டதும் ஓடி வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் போன் பக்கத்தில் உட்காருகிறாள். தரையெல்லாம் ஈரம்.

கிறிஸ்துமஸுக்கு ஏலக்காய் ரொட்டி இரண்டு அனுப்பியிருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

வெர்னா


ஸ்பிரிங்ஃபீல்டு
ஜனவரி 5, 1987

அன்புள்ள வெர்னாவுக்கு,

ரொட்டி நொறுங்காமல் வந்தது. நன்றி. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

மனசு கேட்காமல் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தேன். உங்கள் பக்கத்துக்கு டாக்டர் ஹார்லன் க்விஸ்ட் என்பவர். எஸ்கனாபாவில் பல் வைத்தியர். டிசம்பர் 3 ஒருமுறை, 9 ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார். இரண்டு முறையும் ஒரு பெண் போனை எடுத்து, சொல்கிறேன் என்று சொன்னாளாம்.

பிப்ரவரி 15-க்குள் அவர் தன் குறிப்பை அனுப்ப வேண்டும். அவர் எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

எஸ்தர்


ஸ்பிரிங்ஃபீல்டு
ஜனவரி 15, 1987

வெர்னா,

உடம்பு சரியாக இருக்கிறாயா? பதில் இல்லை. தினமும் தபால்பெட்டியைப் பார்க்கிறேன். ஒரு வரியாவது எழுது.

எஸ்தர்


ஆல்டர் பே
ஜனவரி 25, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு எழுத முகம் இல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

போனை எடுத்தது நான்தான். உனக்கு அது கடிதம் போடும்போதே தெரியும்.

கூரைப் பனி பற்றி நீ எழுதிய கடிதம் வந்த அன்றுதான் முதல் போன் வந்தது. காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். இறைச்சி அடைத்துச் சுடும் பேஸ்டிக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு பேருக்கு நாலு. உன் கடிதம் எதிரே இருந்தது. அடுத்த வருடம் ஒன்று போதுமே என்று நினைத்தேன். ஒன்றுக்காக யாராவது அடுப்பு மூட்டுவார்களா? அப்போது மணி அடித்தது. அவர் பெயரையும் எண்ணையும் சொல்லி, "அய்லாகிட்ட சொல்லிடறீங்களா?" என்றார். "சொல்றேன்" என்றேன். எண்ணை மாவுப் பையின் ஓரத்தில் எழுதினேன். எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

வேண்டுமென்று திட்டம் போடவில்லை அக்கா. ஆனால் இரண்டு முறைதான் கூப்பிடுவார் என்று நீ எழுதியது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறையும் அதையேதான் சொன்னேன். பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவள் பூட்ஸோடு போன் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சூப் கலக்கினேன். நான் அப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரியாது.

போன வியாழக்கிழமை சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்க் கூரைப் பனி முழுவதையும் தள்ளினாள். உள்ளே வந்து, "நம்பர் இருக்கா?" என்றாள். நீ அனுப்பிய தாளைக் கொடுத்தேன். கூப்பிட்டாள். அவர் நேற்று சனிக்கிழமை வரச் சொன்னார்.

நூற்றுப்பத்து மைல். நான்தான் வண்டி ஓட்டினேன். அவருடைய மருத்துவமனையிலேயே சந்திப்பு. கதவைத் திறந்து, "உக்காருங்க, முக்கால் மணி நேரம் ஆகும். காப்பி வேணும்னா சொல்லுங்க" என்றார். "சொல்றேன்" என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவளை உள்ளே கூட்டிப் போனார்.

திரும்பும்போது பாதி வழியில்தான் அவள் வாயைத் திறந்தாள். "ஏன் திருப்பிக் கூப்பிடலன்னு கேட்டாரும்மா."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க கூப்பிட்டது எனக்குத் தெரியும், பயமா இருந்துச்சு, அதான் கூப்பிடலன்னு சொன்னேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன? உண்மையச் சொல்ல வேண்டியதுதானே!"

"உன்னப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? அந்த ஒண்ண மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போவாரு" என்றாள்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். அழுகையில் சாலை தெரியவில்லை.

இப்போது அவர், பயந்தாங்கொள்ளி, பொறுப்பில்லாதவள் என்று எழுதினால்? நீ அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? உன் விதி எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

வெர்னா


ஸ்பிரிங்ஃபீல்டு
பிப்ரவரி 2, 1987

அன்புள்ள வெர்னாவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்றதே போதும்.

நான் அவரிடம் பேச மாட்டேன். நீயே எழுது. 15-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

உன்னைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எனக்கு அந்த உரிமை இல்லை. 1963 மார்ச்சில் நீ எனக்கு ஒரு கடிதம் எழுதினாய். உனக்கு அப்போது அய்லாவின் வயது. நீயும் இங்கே வந்து படிக்க வேண்டும், படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார், என் பேச்சைக் கேட்பார், நீ எழுது அக்கா என்று. ஜூன் மாதம்தான் உனக்குப் பதில் போட்டேன். உன் கடிதம் தபாலில் தொலைந்துவிட்டது போலிருக்கிறது என்று பின்னால் சொன்னேன்.

தொலையவில்லை. மூன்றாம் நாளே கிடைத்தது. அம்மா அப்போது படுக்கையில் இருந்தாள். நீ கிளம்பினால் என்னைத் திரும்பி வரச் சொல்வார்கள் என்று பயந்தேன். அதனால் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுக் கடைசி நாள் தாண்டும்வரை காத்திருந்தேன். நீ அடுப்பில் போட்டாய், நான் இழுப்பறையில் போட்டேன். நீ ஏழு வாரத்தில் சொல்லிவிட்டாய். எனக்கு இருபத்துநாலு வருடம் ஆகியிருக்கிறது.

மன்னித்துவிடு என்று எழுதக் கூசுகிறது. எழுதிவிட்டேன்.

எஸ்தர்


ஆல்டர் பே
பிப்ரவரி 7, 1987

மதிப்பிற்குரிய டாக்டர் க்விஸ்ட் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அய்லா லாம்பியின் தாய். டிசம்பரில் இரண்டு முறை உங்கள் போனை எடுத்தது நான். நீங்கள் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. அவள் போய்விடுவாளே என்றுதான் சொல்லவில்லை. பயந்தது நான்தான், அவள் இல்லை. அவள் உங்களிடம் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. ஒரு பெண் இப்படிப் பொய் சொன்னால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து நல்ல கட்டத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வெர்னா லாம்பி


எஸ்கனாபா
பிப்ரவரி 13, 1987

அன்புள்ள திருமதி லாம்பி அவர்களுக்கு,

நலமே. உங்கள் இருவரின் நலமும் வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்துக்கு முன்பே என் குறிப்பை அனுப்பிவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் காப்பி வேண்டுமா என்று கேட்டதும் "சொல்றேன்" என்றீர்களே, அந்தக் குரலை நான் அப்போதே அடையாளம் கண்டுகொண்டேன். முப்பது வருடமாக ஆட்கள் என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தினமும் இரண்டு வேளை பல் தேய்ப்பதாகச் சொல்கிறார்கள். உங்கள் மகளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இது குறிப்பில் இல்லாதது. "என்கிட்ட கேக்க ஏதாவது உண்டா?" என்றேன். பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகள் விடுதிச் சாப்பாடு எப்படி என்றுதான் கேட்பார்கள். உங்கள் மகள், "நீங்க காலேஜுக்குப் போனப்ப வீட்டுல யார் இருந்தாங்க?" என்றாள். எங்கப்பா மட்டும்தான் என்றேன். "அந்தப் பனிக்காலத்த அவர் எப்படிக் கழிச்சார்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை, திருமதி லாம்பி. நான் அவரைக் கேட்டதே இல்லை. அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

உண்மையுள்ள,
ஹார்லன் க்விஸ்ட்


ஆல்டர் பே
ஏப்ரல் 12, 1987

அன்புள்ள எஸ்தர் அக்காவுக்கு,

நலமா? பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன். கோபத்தால் அல்ல. உறை வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை வந்தது. தபால் நிலையத்தில் ஆர்வோ அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கு வெர்னா" என்றார். ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் சமையலறை ஏப்ரனோடு பள்ளி வரைக்கும் ஓடினேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, கதவைத் தட்டினேன். அய்லா உறையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பிரிக்கலையா?"

"உன் பேர் போட்டிருக்கு."

அவள் படித்துவிட்டு, வகுப்பு மொத்தமும் பார்க்க என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறாள். நான் சிரித்தேன். சமையலறைக்குத் திரும்பி, மிர்ட்டில் கேட்டதும் வெங்காயம் உரிக்கிறேன் என்றேன். அன்றைக்கு வெங்காயமே இல்லை.

1963 கடிதத்தைப் பற்றி. எனக்கு அப்போதே தெரியும். அந்த ஜூனில் நீ எழுதிய பதிலில், "நீலத் திரைச்சீலையைத் தைத்து முடித்தாயா?" என்று கேட்டிருந்தாய். திரைச்சீலையைப் பற்றி நான் எழுதியது அந்த ஒரு கடிதத்தில்தான். சொல்லிவிட்டால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கு இருந்தது நீ ஒருத்திதான்.

திரைச்சீலை இன்னும் சமையலறையில் தொங்குகிறது. நிறம்தான் போய்விட்டது.

கூரைப் பனியை மிர்ட்டில் மகன் தள்ளுகிறேன் என்றிருக்கிறான். பேஸ்டி இரண்டாகச் சுடுவேன், ஒன்று மறுநாளுக்கு. போனில் பேச உனக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செப்டம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருமுறை கூப்பிடு. பேச ஒன்றும் இல்லையென்றாலும் கூப்பிடு. முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். இந்த வீட்டில் போனை எடுக்க இனி வேறு யாரும் இல்லை.

உன் தங்கை,
வெர்னா